முப்பத்து நான்காம் வரி

பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் பாதிவரை
செவ்வாயும் வியாழனும்
நூலகத்தின் நிலவறையில் மடக்கு மேசை போட்டு
இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தருகிறோம்.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
கணக்கு எனக்குப் பிற்பாடுதான் வந்தது,
மூட்டுவலியோடு சேர்ந்து.

கோட்டில் பனி உதறி வருவார்கள்.
காலணிப் பெட்டிக்குள் ஒரு முழு வருஷம்:
கோழித் தொழிற்சாலைச் சம்பளச் சீட்டு,
மருந்துக்கடை ரசீதுகள்,
வட்டி நாலு டாலர் என்று வங்கி எழுதிய கடிதம்.
இவ்வளவு திரும்ப வரும் என்று சொன்னதும்
தோள்கள் கொஞ்சம் இறங்கும்.
அந்த நேரம் பார்த்து நான் கேட்டாக வேண்டும்.

"முப்பத்து நான்காம் வரி.
இயக்க நரம்பு நோய் ஆராய்ச்சி நிதி.
விரும்பினால் மட்டும்.
ஒரு டாலரும் போடலாம்."

கூரையைப் பார்ப்பார்கள்.
அதை யார் எடுத்துக்கொள்வார் என்பார்கள்.
"என் நாய்க்கே அறுவைக் கடன் தீரவில்லை"
என்றாள் லவான் ஸ்டெஸ்கல்.
நான் பூஜ்யம் போடுவேன்.
பூஜ்யத்துக்கு மை அதிகம் ஆகாது.

டெல்பர்ட் ஹ்ருஸ்கா மட்டும்
நான் வாய் திறக்கும் முன்பே "மூன்று" என்பார்.
ஏன் மூன்று என்று கேட்டதில்லை.
பக்கத்தில் ஆர்டித், அவர் மனைவி.
முதல் வருஷம் அவள் கையிலிருந்து
பேனா இரண்டு தடவை விழுந்தது.
அவர் குனியவில்லை. காத்திருந்தார்.
அவளே எடுத்தாள்.

இரண்டாம் வருஷம் அவள் கையெழுத்து
ஒரு கோடு, நடுவில் ஒரு வளைவு.
எந்தக் குறியும் கையெழுத்தே என்கிறது விதி.
சில விதிகளை எழுதியவர்கள் நல்லவர்கள்.

மூன்றாம் வருஷம் படிக்கட்டு இறங்க முடியவில்லை.
படிவத்தை நான் மேலே கொண்டுபோனேன்.
வேனின் கதவு திறந்திருந்தது,
மூச்சு இயந்திரம் தன் பாட்டுக்கு இழுத்து விட்டது.
"மூன்று" என்றார் டெல்பர்ட்.
ஆர்டித் கண் சிமிட்டினாள்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலு,
ஐந்து.
"எண்ணிக்கையை விட்டுவிட்டாய்" என்றார் அவர்.
அவள் முதலிலிருந்து சிமிட்டினாள்.
ஐந்து.
பேனாவில் மை உறைந்துபோயிருந்தது,
வாய்க்குள் வைத்துச் சூடாக்கி எழுதினேன்.

இந்த வருஷம் அவர் தனியாக வந்தார்.
அவள் பெயருக்குப் பக்கத்தில் 'காலமானார்' என்று எழுதி
தேதி போட வேண்டும்.
போட்டேன்.
கூட்டுப் படிவம் இதுவே கடைசி என்றும்
சொல்ல வேண்டும்.
சொன்னேன்.

பிறகு அவர் விரல் தாளில் இறங்கியது.
முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று.
முப்பத்து நான்கில் நின்றது.

குறிப்பிட்ட தொகையை எட்டாத நிதி
மறு வருஷம் படிவத்தில் இருக்காது.
கீழே இருந்தவை ஒரு படி ஏறிக்கொள்ளும்.
எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரியும்.
அவரிடம் சொல்லவில்லை.
இந்த மேசையில் நான் போட்ட பூஜ்யங்களை
அன்றிரவே எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டேன்.

"சதுப்பு நில வாத்துகள்" என்று வாசித்தார்.
மறுபடியும் வாசித்தார்.
"அவளுக்கு வாத்துகளைப் பிடிக்காது.
விதைத்ததை எல்லாம் மிதித்துவிடும்."

சட்டைப் பையிலிருந்து ஐந்து டாலர் தாள் எடுத்து
மேசையில் வைத்தார்.
இங்கே பணம் வாங்கக் கூடாது.
அவருக்கும் தெரியும்.
சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது.
தாள் அப்படியே கிடந்தது,
மடிப்பு மெல்லத் தானாக எழும்பிக்கொண்டு.

அவர் கோட்டு மாட்டத் திரும்பியபோது
அதைக் காலணிப் பெட்டிக்குள்
மருந்து ரசீதுகளுக்கு அடியில் செருகினேன்.
பார்த்தாரா, தெரியாது.
படிக்கட்டில் அவர் காலடி
பாதியில் ஒரு கணம் நின்றது.

அடுத்த எண் பதினேழு.
லவான் ஸ்டெஸ்கல்.
நாய் பிழைத்துக்கொண்டதாம்.
"முப்பத்து நான்காம் வரி" என்று தொடங்கினேன்,
மேலே போக முடியவில்லை.
அவளே எட்டி வாசித்தாள்.
"அட, வாத்துகளா! இரண்டு டாலர் போடு."

போட்டேன்.